கீழிருந்து வரும் குரல்

கிரேன் கேபினில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கண் இரண்டாம்பட்சம், காதுதான் முதலாளி. இரும்புக் கிடங்கின் கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் அந்தத் தகரக் கூண்டிலிருந்து பார்த்தால், கொக்கியில் தொங்கும் இரும்புச் சுருளின் முதுகு மட்டும்தான் தெரியும். அதன் அடியில் ஆள் நிற்கிறானா, நாய் படுத்திருக்கிறதா, லாரியின் பலகை உடைந்து கிடக்கிறதா, ஒன்றும் தெரியாது. கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் சொல்வார். சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் லீவரைத் தொட வேண்டும். "மெல்ல இறக்கு" என்றால் "மெல்ல இறக்கு." "என்ன காட்டுது?" என்றால் முன்னால் இருக்கும் சின்னத் திரையில் எரியும் எடையைப் படித்துச் சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பவர்கள் இந்த வேலைக்கு ஆக மாட்டார்கள்.

இறக்கு, ஏற்று, இடது, வலது எல்லாம் சிக்னல்காரர் ஒருவர் சொன்னால் மட்டும்தான் செல்லும். "நிறுத்து" என்ற சொல் மட்டும் எல்லாருக்கும் பொது. முதலாளி சொன்னாலும் சரி, குப்பை கூட்டுகிறவர் சொன்னாலும் சரி, காதில் விழுந்த இடத்தில் கை அப்படியே உறைந்துவிட வேண்டும். காரணமெல்லாம் அப்புறம்.

கிடங்கில் எல்லாரும் அவளைக் கிரேன்காரி என்று கூப்பிடுவார்கள். அவளுக்குக் கீழே நின்ற சிக்னல்காரர் அவளுடைய புருஷன். "வீட்லதான் உன் பேச்சைக் கேக்கறேன், இங்கயாவது என் பேச்சைக் கேளும்மா" என்று வாக்கியில் சொல்வார். வாக்கி வைத்திருக்கும் அத்தனை பேரும் சிரிப்பார்கள். அவள் அதையும் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வாள். அதற்கு இன்னும் சிரிப்பார்கள்.

வேலைப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சண்டை முற்றும்போது இருவரில் ஒருவர் "நிறுத்து" என்றால் மற்றவர் வாய் பாதிச் சொல்லில் நின்றுவிடும். வேண்டுமென்று நிறுத்துவதில்லை, தானாக நிற்கும். முன்னறையில் இருந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொள்வாள்.

"சண்டைன்னா ஒழுங்கா போட்டு முடிங்கடா. பாதியில வாயை மூடிக்கிட்டு ரெண்டு பொம்மை மாதிரி நிக்கறீங்க. யார் ஜெயிச்சதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

நாத்தனார் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்பவள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு அறை கொண்ட அந்த வீட்டுக்கு முதல் பணம் கட்டியது ஆவியில் வெந்த அவள் கைகள்தான்.

மழை தொடங்கிய ஒரு காலையில், கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போன சிக்னல்காரர் குழாயடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. சுருள் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த சொல்லுக்காக அவள் மேலே காத்திருந்தாள். கீழே ஆட்கள் ஓடுவது தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல் வராமல் லீவரைத் தொடக் கூடாது என்பதால் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் போன பிறகு ஒவ்வொன்றாகக் கடன் வெளியே வந்தது. வீட்டுக் கடன் தெரிந்ததுதான். வண்டிக் கடன் பாதி தெரிந்தது. மாமியாரின் கடைசிக் காலத்து ஆஸ்பத்திரிக் கடன், அடகில் கிடக்கும் வளையல், தெருமுனை வட்டிக்காரர் என்று வரிசையாக வந்து நின்றன. தலைக்கு மேலே போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. ஆனால் முழம் போடுகிறவன் வாசலில் வந்து நின்றால் தெரியும். வீட்டுக் கடன் இரண்டு தவணை தவறியிருந்தது. இன்னும் தவறினால் வீடு ஏலம். இரண்டு பெண்களும் தெருவில்.

கையில் இருந்தது நிர்வாகம் கொடுத்த இழப்பீடு ஒன்றுதான். அதை இருவர் பெயரிலும் வங்கியில் போட்டிருந்தார்கள். பணம் நகர வேண்டுமானால் இருவர் போனுக்கும் தனித்தனியாக ரகசிய எண் வரும், இரண்டையும் போட வேண்டும். அப்படிப் போடச் சொன்னது நாத்தனார்.

"உன்னை நம்பாம இல்லடி. என்னையே நான் நம்பல. எவனாவது வந்து அழுதா எடுத்துக் குடுத்துருவேன். உன்கிட்ட ஒரு சாவி, என்கிட்ட ஒரு சாவி."

முதல் அழைப்பு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. சாப்பிடுவதற்கென்று கிரேன்காரி ஏணி இறங்குவதில்லை. கேபினிலேயே டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். போனை எடுத்து "யாரு?" என்றாள்.

"வணக்கம்மா. கடன் சீரமைப்பு நிறுவனத்துலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் எங்ககிட்ட பதிவு பண்ணியிருந்தார்."

கையில் இருந்த கவளம் டப்பாவில் விழுந்தது. அது அவர் குரல். அவர் மாதிரி இருக்கிற குரல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வாக்கியம் முடிந்ததும் தொண்டையைச் செருமும் அந்தச் சின்னச் சத்தம், "அம்மா" என்பதை லேசாக இழுக்கும் விதம், எல்லாம் அவரே. அவள் குனிந்து கீழே பார்த்தாள். வழக்கமாக அவர் நிற்கும் மஞ்சள் கோட்டுக்குள் யாரும் இல்லை.

குரல் தன்னை அவர் என்று ஒருபோதும் சொல்லவில்லை. தன்னை அதிகாரி என்றுதான் சொன்னது. ஐந்து கடனையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே தவணையாக்கித் தருவதாகச் சொன்னது. வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடுமாம். ஏலமும் நின்றுவிடுமாம்.

"இனி நீங்க யாருக்கும் கட்ட வேண்டாம். யாராவது கூப்பிட்டா எடுக்கவும் வேண்டாம். எங்ககிட்ட மட்டும் பேசுங்க. சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கம்மா, சரியா புரிஞ்சுதான்னு பாக்கணும்."

"யாருக்கும் கட்ட வேண்டாம். யாராவது கூப்பிட்டா எடுக்க வேண்டாம். உங்ககிட்ட மட்டும் பேசணும்" என்றாள் கிரேன்காரி.

"நல்லதும்மா."

அவர் அப்படித்தான் சொல்வார். சுருள் அலுங்காமல் லாரியில் உட்கார்ந்த பிறகு, "நல்லதும்மா."

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. செத்துப்போன மனுஷன் போனில் வருகிறார் என்று சொன்னால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் ஏணி இறங்கி ஓடிப்போய், குழாயடியில் அவர் தலையை மடியில் வைத்திருந்தது அவள்தான். இருந்தும் மதியமானால் காது போனைத் தேடியது. டப்பாவைத் திறக்காமல் காத்திருந்தாள். குரல் கேட்டதையெல்லாம் சொன்னாள். பிறந்த தேதி, கணக்கு எண், நாத்தனாரின் போன் எண், வீட்டில் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது வரைக்கும். குரல் நீளமான வாக்கியங்களைச் சொல்லும். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வாள். சில வாக்கியங்களுக்கும் கடனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "சீக்கிரம் சொல்லுங்க, நேரமில்ல" என்பதை வேறு வேறு வேகத்தில் சொல்ல வைத்தது. அவளும் சொன்னாள். எத்தனை வருஷம் சொன்ன வாய்.

கடைசியில் முன்பணம் பற்றிய பேச்சு வந்தது. இழப்பீட்டுத் தொகை முழுவதையும் நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், அதை வைத்துக்கொண்டுதான் கடன்காரர்களிடம் பேரம் பேச முடியும், இந்த வாரக் கடைசிக்குள் மாற்றாவிட்டால் வீடு கைவிட்டுப் போகும்.

"அவரோட அக்கா, எங்க அண்ணியும் சம்மதிக்கணும்" என்றாள்.

"அவங்ககிட்ட நாங்க பேசிக்கறோம்மா" என்றது குரல்.

மறுநாள் பெரிய சுருள் ஒன்று கொக்கியில் இருந்தது. கீழே புது சிக்னல்காரன் நின்றான். நடந்தால் காலடிச் சத்தம் வராது என்பதால் அவனுக்குப் பூனை என்று பெயர். "நிக்கட்டும்க்கா, பலகை சரி பண்றேன்" என்று வாக்கியில் சொல்லிவிட்டு லாரியின் பின்பக்கம் குனிந்தான். அவளும் "நிக்கட்டும்" என்று சொல்லி லீவரிலிருந்து கையைத் தளர்த்தினாள். அப்போது மடியிலிருந்த போன் அடித்தது. வேலை நேரத்தில் அதற்கு முன் ஒருநாளும் அடித்ததில்லை. எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கினாள்.

"எல்லாம் தயார்மா. இன்னும் கொஞ்சம்தான். இன்னும் கொஞ்சம்..."

அவர் சுருளைத் தரையில் உட்கார வைக்கும்போது சொல்லும் சொல் அது. அவள் வாய் "இன்னும் கொஞ்சம்" என்றது. கை லீவரைத் தள்ளியது. சுருள் இறங்கியது.

"நிறுத்து! நிறுத்து! நிறுத்து!"

கை உறைந்தது. கிடங்கே உறைந்தது. சுருளுக்கும் லாரிப் பலகைக்கும் நடுவே பூனையின் முதுகு இருந்தது. அவன் பாம்பு மாதிரி நெளிந்து வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து, வாக்கியை வாயருகே கொண்டுபோனான். 

"அக்கா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றான்.

அன்று சாயந்தரம் அவள் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி குரல்லயா? செத்தவன் போய்க் கடன் கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டானா? உயிரோட இருந்தப்பவே ஒரு எடத்துல ஒழுங்கா நிக்க மாட்டான்."

"சிரிக்காதீங்க அண்ணி."

"சிரிக்கலைன்னா அழணும். எதுக்கு அது?" சொன்னவள் தைலப் புட்டியை மூடி வைத்தாள். "அவன் போறதுக்கு முன்னாடி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு போன்ல பேசிட்டே இருப்பான். பேசுவான்னு சொல்ல முடியாது. யாரோ சொல்றதைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவான். சின்னப் பையன் பாடம் ஒப்பிக்கற மாதிரி. வேலை விஷயம்னு நெனச்சேன்."

 வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தத்துக்கு இருவரும் திடுக்கிட்டார்கள்.

நிறுவனம் அனுப்பியிருந்த செய்தியில் அதன் முகவரி இருந்தது. மறுநாள் இருவரும் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார்கள். கீழே தையல் கடை, மேலே குறுகலான படிக்கட்டு. கதவில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை பளபளவென்று இருந்தது. கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. நாற்காலியின் இருக்கையில் போர்த்தி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை. அதன்மேல் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. அதில் யாரும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அப்போது உள்ளே தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, யாரோ எடுத்துவிட்டது மாதிரி நின்றது. அதன் மேல் ஒரு சிறிய பச்சை விளக்கு எரியத் தொடங்கியது. ரிசீவர் தன் இடத்திலேயே கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"யாரோட பேசுது அது?" என்றாள் நாத்தனார், சத்தமில்லாமல்.

தையல்காரர் படிக்கட்டின் கீழிருந்து எட்டிப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா.

"பூட்டைப் பாத்துட்டுப் போங்கம்மா. எல்லாரும் அதைத்தான் பாத்துட்டுப் போறாங்க. வாடகை மட்டும் ஒழுங்கா வருதாம். ஆளுதான் வர மாட்டேங்குது. ராத்திரி பகல்னு இல்லாம அந்த போன் அடிக்கும், தானா நிக்கும். அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு எனக்கும் ஊசி குத்தாத விரலே இல்ல."

கிரேன்காரியின் கையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்தாள்.

"நேர்ல வர வேண்டாம்னு சொன்னேனேம்மா. அலைச்சல்தானே?" என்றது குரல். "கூட யாரு, அண்ணியா?"

கதவின் மேல்மூலையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. நாத்தனார் அதை முதலில் பார்த்தாள். முந்தானையை உருவி அதன்மேல் போட்டாள். பிறகு கிரேன்காரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முந்தானை கிழிந்ததைக்கூடப் பார்க்காமல் படி இறங்கினாள்.

அப்படியே தொழிலாளர் சங்கத்தின் கடன் பிரிவுக்குப் போனார்கள். அங்கே இருந்த அம்மாவுக்குப் பல்வலி. ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே எல்லாக் காகிதத்தையும் வாங்கிப் பார்த்தாள். சிரிப்பு இல்லை, உட்காருங்கள் என்ற உபசாரம் இல்லை.

"அவங்க ஒரு தடவையாவது 'இது எங்களால முடியாது'ன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

கிரேன்காரி யோசித்துப் பார்த்தாள். "இல்ல. எல்லாம் முடியும்னுதான் சொன்னாங்க."

"நான் சொல்றேன், கேட்டுக்கோங்க. வட்டிக்காரரை நான் தொட முடியாது. அவர் எங்க கணக்குல வர மாட்டார், நீங்கதான் சமாளிக்கணும். நகையை முதல்ல மீட்டாகணும், அதுலயும் வட்டி தள்ள மாட்டாங்க. மத்த மூணையும் ஒண்ணா சேத்துடலாம். மாசத் தவணை குறையும், ஆனா வருஷக்கணக்கா இழுக்கும். மொத்தமா கூட்டிப் பாத்தா இப்ப இருக்கறதை விடக் கொஞ்சம் கூடவே கட்டுவீங்க. மாசாமாசம் மூச்சு விடலாம். அவ்வளவுதான்."

"என்னம்மா, பல் உங்களுக்கு வலிக்குதா எங்களுக்கு வலிக்குதா?" என்றாள் நாத்தனார்.

"ரெண்டு பேருக்கும்தான். கடன்காரங்க கூப்பிட்டா எடுத்துப் பேசுங்க. பேசாம இருந்தாத்தான் ஏலம் வேகமா வரும்."

"முன்பணம் எவ்வளவு கட்டணும்?" என்றாள் கிரேன்காரி.

"எதுக்கு முன்பணம்? நான் இன்னும் ஒண்ணும் செய்யலையே." அவள் ஒரு படிவத்தை அவர்கள் பக்கம் தள்ளினாள். "இதை இங்க கையெழுத்துப் போடாதீங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேரும் படிச்சு, சண்டை போட்டு, அப்புறமா வாங்க. அரசாங்கத்துல கடன் வேலை பாக்கறவங்களோட பதிவு இருக்கும். அதுல எங்க சங்கம் இருக்கான்னும் பாத்துட்டு வாங்க. நான் சொன்னேன்னு நம்பாதீங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் சொன்னாள்: "இந்தப் பொம்பளை வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வரல. எனக்குப் பிடிச்சிருக்கு."

கணக்கின் ரகசிய எண்களையெல்லாம் மாற்ற வங்கிக்குப் போனபோது வங்கி மூடியிருந்தது. நாளைக்குப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தார்கள். கிரேன்காரி குரலின் எண்ணைத் தடுத்துவைத்தாள். படுத்தபோது, இனி அந்தக் குரலைக் கேட்க முடியாது என்பது நினைவுக்கு வந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். இரண்டாவது முறை தாலி இழந்த மாதிரி இருந்தது. ஏமாற்றுக்காரனுக்காக அழுகிறோமே என்ற வெட்கம் வேறு.

மறுநாள் விடுப்புக் கிடைக்கவில்லை. வேலை முடிந்ததும் வங்கி வாசலில் சந்திப்பது என்று பேச்சு. மதியம் கேபினில் டப்பாவைத் திறந்தாள். கொக்கி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. போனில் ஒரு செய்தி வந்த சத்தம். திரையில் என்ன என்று பார்ப்பதற்குள் அழைப்பும் வந்தது. புது எண். சங்கத்து அம்மாவாக இருக்கும் என்று எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள்.

வணக்கம் இல்லை. முன்னுரை இல்லை.

"என்ன காட்டுது?"

அவள் படித்துவிட்டாள்.

போன் திரையில் நின்ற எண்களை முதலிலிருந்து கடைசிவரை, தெளிவாக, நிறுத்தி, எடை சொல்வது போலவே சொல்லிவிட்டாள். கடைசி எண் வாயை விட்டுப் போன பிறகுதான், அது எடை இல்லை, வங்கி அனுப்பியது என்பது மண்டையில் ஏறியது. அவளுடைய சாவி போய்விட்டது.

"நிறுத்து!" என்று கத்தினாள்.

"நல்லதும்மா. இன்னும் கொஞ்சம்தான். அடுத்து அண்ணிகிட்ட..."

"நிறுத்து!"

"...பேசிட்டா முடிஞ்சிரும். கவலைப்படாதீங்க."

 அத்தனை வருஷத்தில், வேலையிலோ வீட்டிலோ, காய்ச்சலில் பினாத்தும்போதுகூட, அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் ஒரு எழுத்து பேசியதில்லை. இந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட அதற்கு இதை மட்டும் எடுக்கத் தெரியவில்லை. போனில் யார் அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அழைப்பை வெட்டிவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மறுபடியும் அதுவே. ஏணியில் இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்பது சரி.

"எங்கக்கா ஓடறீங்க?"

"வண்டியை எடுறா பூனை. ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்ன?"

"எடுறா!"

துணி வெளுக்கும் கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம். கதவைத் திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். இயந்திரங்களின் உறுமலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் போன் வந்தால் எல்லாரும் கடைசி மேஜைக்குப் போய் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார்கள். நாத்தனார் அங்கேதான் நின்றிருந்தாள், ஈரக் கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு. மடித்த விரிப்புகளின் மேல் போன் கிடந்தது. கிரேன்காரி ஆவிக்குள் பாதி தூரம் வந்தபோது அதிலிருந்து வந்த குரலைக் கேட்டு நின்றுவிட்டாள்.

அது அவளுடைய குரல்.

"அண்ணி, நான்தான். சீக்கிரம் சொல்லுங்க, நேரமில்ல. உங்க போனுக்கு ஒரு எண் வந்திருக்கும்."

"நிறுத்துடி" என்றாள் நாத்தனார்.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணி."

"இன்னொரு தடவை சொல்றேன். நிறுத்து!"

"நேரமில்ல. சீக்கிரம் சொல்லுங்க."

நாத்தனார் பல்லைக் காட்டிச் சிரித்தாள். "நீ என் தம்பி பொண்டாட்டி இல்லடி. அவளா இருந்தா இந்நேரம் பொம்மை மாதிரி நின்னிருப்பா. யாரு நீ? எந்த நாய்க்குப் பொறந்தே?"

போன் அமைதியானது. இயந்திரங்கள் உறுமின. நாத்தனார் அழைப்பை வெட்டக் கையை நீட்டினாள்.

"அக்கா" என்றது போன்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா, நான்தான்."

குழாயடியிலிருந்து தூக்கி வந்த நாளிலிருந்து அவள் தம்பியின் குரலைக் கேட்டதில்லை. கிரேன்காரியாவது பழகியிருந்தாள். நாத்தனாரின் முகம், ஈரத்தில் ஊறிய காகிதம் மாதிரி, இருந்த இடத்திலிருந்து நழுவியது. கோபம், கிண்டல், புத்தி எல்லாம் அதிலிருந்து வழிந்து போனது.

"எப்பா..." என்றாள். "எங்கடா இருக்கே?"

தொண்டை செருமும் சத்தம். "என்ன காட்டுது, அக்கா?"

நாத்தனார் போனைக் கையில் எடுத்தாள். கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். உதடு அசைந்தது. முதல் எண்ணைச் சொன்னாள். இரண்டாவது எண்ணைச் சொன்னாள். தூங்க வைக்கும் பிள்ளையிடம் சொல்வது போல, அவ்வளவு மெதுவாக.

"நிறுத்து!"

கிரேன்காரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கூடத்தில் விரிப்பை உதறிக்கொண்டிருந்த பெண்கள் கையை உயர்த்தியபடியே நின்றார்கள். யாரோ பயந்துபோய் ஒரு இயந்திரத்தை அணைத்தார்கள். பின்னால் ஓடி வந்த பூனை தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றான். நாத்தனாரின் வாய் மூன்றாவது எண்ணின் பாதியில் திறந்தபடி இருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான் அக்கா" என்றது போன். "இன்னும் கொஞ்சம். என்ன காட்டுது? அக்கா. என்ன காட்டுது?"

நாத்தனார் போனைப் பார்த்தாள். பிறகு ஆவிக்குள் நின்றிருந்த கிரேன்காரியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"பேசறான் பாரு" என்றாள். "நிறுத்துன்னு சொன்னப்புறமும் பேசறான்."

"அவர் இல்ல அண்ணி."

"தெரியுதுடி."

கட்டைவிரலால் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விரல் ஈரமாக இருந்ததால் திரை அதை ஏற்கவில்லை. குரல் அக்கா, அக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினாள். ஏற்கவில்லை. இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. போனுக்குள்ளே, எங்கேயோ, அவர் குரல் சொல்ல, கிரேன்காரியின் குரல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது: இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையோ இருவரும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கிரேன்காரி ஒரு விரிப்பை உருவி நாத்தனாரின் விரலைத் துடைத்துவிட்டாள். குழந்தையின் விரலைத் துடைப்பது மாதிரி, நகக்கண்வரை. நாத்தனார் மூன்றாவது முறை அழுத்தினாள்.

அப்போதுதான் பூனை காலைக் கீழே வைத்தான்.

வங்கியில் கணக்கை அன்றே முடக்கினார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் தையல்காரர் போன் செய்து, மேலே பெயர்ப்பலகையைக் காணோம், நாற்காலியைக் காணோம், ஆனால் யாரும் படியேறி இறங்கியதைத் தான் பார்க்கவில்லை என்றார். கணக்கு மறுபடி திறந்ததும் இழப்பீட்டில் கொஞ்சம் எடுத்து வீட்டுத் தவணைப் பாக்கியைக் கட்டி ஏலத்தை நிறுத்தினார்கள். சங்கத்துப் படிவத்தை இருவரும் படித்து, இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுத்தான் கையெழுத்திட்டார்கள். பல்லைப் பிடுங்கிவிட்டிருந்த அந்த அம்மா அப்போதும் சிரிக்கவில்லை. வட்டிக்காரர் இன்னமும் வாசலுக்கு வருகிறார். நாத்தனார் அவரோடு மல்லுக்கு நிற்கிறாள்.

வெவ்வேறு எண்களிலிருந்து இப்போதும் அழைப்பு வரும். சில நேரம் தெரியாமல் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் இவர்கள் பேசுவதில்லை. அந்தப் பக்கமும் பேசுவதில்லை. ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அது எந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சொல்லை அவர்கள் இப்போது போனில் சொல்வதில்லை.